என் சகலையின் ஈறும் என் வயிற்றெரிச்சலும்

சகலை,

நேற்றுக் காலை காரைக்குடியில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் கிராம்புத் தைல வாசனை முகத்தில் அடித்தது. மற்றவர்களுக்கு அந்த வாசனை வந்தால் பல்வலி ஞாபகம் வருமாம். எனக்கு நீங்கள்தான் வருகிறீர்கள். தோளில் துண்டும் சட்டைப் பையில் ஏலக்காயுமாக வந்து, "என்ன சகலை, சொகமா இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் என் பிள்ளைகள், என் தம்பி, தம்பியின் மாமனார் வரைக்கும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரிக்கிறீர்கள். இறந்து எட்டு வருஷமான பிறகும் இந்த விஷயத்தில் என்னை முந்திக்கொண்டுதான் நிற்கிறீர்கள்.

இப்போது இருப்பவர் ஒரு பெண் டாக்டர், சின்ன வயது. என் வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைத் திருப்பி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். "சார், இந்த வயசுல ஈறு இவ்வளவு கெட்டியா இருக்கே, எப்ப வைத்தியம் பண்ணிக்கிட்டீங்க?" என்றார். கையால் ஜாடை காட்டினேன், ரொம்ப காலம் முந்தி என்று. அவர் என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக மேலும் ஒன்று சொன்னார். "நல்ல காரியம் செஞ்சீங்க. ஈறு நோயைக் கவனிச்சு வைத்தியம் பண்ணிக்கிட்டவங்களுக்கு வயசான காலத்துல மறதி நோய் வர்றது குறையலாம்னு இப்ப சொல்றாங்க. ஈறுல இருக்குற கிருமியும் வீக்கமும் ரத்தத்தோட போய் மூளையையும் தொந்தரவு பண்ணுமோன்னு ஒரு சந்தேகம். இதுதான் காரணம்னு இன்னும் உறுதியாகல சார், ஆராய்ஞ்சுக்கிட்டு இருக்காங்க."

கண்ணாடி வாய்க்குள் இருந்ததால் என்னால் பேச முடியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. வீட்டுக்கு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "என்ன, பல்லப் புடுங்குனாகளா, நாக்கப் புடுங்குனாகளா? பேச்சே காணோம்" என்றாள் உங்கள் கொழுந்தியாள். அவளிடம் சொல்லக்கூடிய சங்கதி இல்லை இது. உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

என் வயிற்றெரிச்சலிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் அக்காவைக் கட்டினீர்கள், ஆறு வருஷம் கழித்து நான் தங்கையைக் கட்டினேன். நீங்கள் எட்டாம் வகுப்பு, புதுவயல் அரிசி மில்லில் மேற்பார்வை. நான் பி.ஏ., பி.எட்., உயர்நிலைப் பள்ளி வாத்தியார். சாக்கோட்டைப் பக்கத்து மாமியார் வீட்டில் என் படிப்புக்கு ஒரு தனி மரியாதை இருக்கும் என்று நம்பி மாப்பிள்ளையானவன் நான். கல்யாணமாகி முதல் மாதா கோயில் திருவிழாவிலேயே அந்த நம்பிக்கை போய்விட்டது. நான் போய் இறங்கினால் "வாங்க மாப்ள" என்பார்கள். நீங்கள் வந்து இறங்கினால் அடுப்படியிலிருந்து அத்தையே எழுந்து வாசலுக்கு வருவார்.

காரணம் உங்கள் ஞாபக சக்தி. நம் பக்கத்தில் ஒரு விசேஷம் என்றால் வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். பத்திரிகையைத் தபாலில் போட்டால் யாரும் வரமாட்டார்கள். ஒரு வீடு விட்டுப்போனாலும் பத்து வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். அழைப்பு எழுத உட்காரும் நாளில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்வீர்கள். "கோயிலுக்குத் தெக்குட்டு மொத வீடு உபதேசியார் வீடு. அவுக மக திருச்சில இருக்கு, அதுக்குத் தனியாச் சொல்லணும். அடுத்தது தையல்காரரு வீடு. அவரு மச்சான் இப்ப தேவகோட்டையில..." என்று தெருத் தெருவாக நடந்துபோவீர்கள். எந்தப் பிள்ளைக்கு யார் ஞானத்தகப்பன், யாருடைய நாமத் திருநாள் எப்போது, யார் யாருடன் பேசாமல் இருக்கிறார்கள், எல்லாம் வரும். மில்லுக்கு வந்துபோன லாரிகளின் நம்பரைக்கூடத் தேதியோடு சொல்வீர்கள் என்று கேள்வி. நீங்கள் சொல்லச் சொல்ல அதை நோட்டில் எழுதுகிற வேலை எனக்கு. பி.ஏ., பி.எட். படித்த கை, எட்டாம் வகுப்பு சொல்வதைக் கேட்டு எழுதும்.

எனக்கோ வகுப்பில் இருக்கும் நாற்பது பிள்ளைகளின் பெயர் தீபாவளி வரைக்கும் பிடிபடாது. சொந்தத் தங்கை மகனை "யாருப்பா நீ?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன். அதனால் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அதற்கு வேறு நாகரிகமான பெயர் எதுவும் நான் வைக்கப்போவதில்லை. பொறாமைதான்.

ஆனால் எனக்கு மட்டும் உங்களைப் பற்றி ஒன்று தெரியும். திருவிழா நாட்களில் கிணற்றடியில் நாம் இருவரும் சேர்ந்து பல் துலக்குவோம் இல்லையா? நீங்கள் துப்பினால் சிவப்பாக இருக்கும். உடனே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிடுவீர்கள். ஏலக்காயைப் பிளந்து வாயில் போட்டுக்கொள்வீர்கள். யாரிடம் பேசினாலும் துண்டின் நுனியால் வாயை மறைத்துக்கொண்டு பேசுவீர்கள். வாய் நாற்றம் மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்று நீங்கள் செய்ததை ஊர் பணிவு என்றது. "மூத்த மாப்பிள்ளையப் பாரு, வாயப் பொத்தித்தான் பேசுவாரு, என்னா அடக்கம்" என்று அத்தை என் காதுபடச் சொன்னார். ஈறு அழுகுவதற்குக்கூட உங்களுக்குப் பாராட்டுக் கிடைத்தது சகலை. நான் என்னதான் செய்வது?

எனக்கும் ஈறு கெட்டுத்தான் போயிற்று. தொண்ணூற்றாறில் மதுரையிலிருந்து வாரம் இரண்டு நாள் காரைக்குடிக்கு வந்துபோன டாக்டரிடம் காட்டினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தது அவர் அறை. ஈறைக் கீறிப் பிரித்து, உள்ளே பல்லின் வேரில் பிடித்திருந்த காரையைச் சுரண்டி எடுத்து, தையல் போட்டு, மேலே கிராம்பு வாசனை வீசும் மருந்தைப் பிசைந்து அப்பினார். ஒரு வாரம் கஞ்சிதான். ஆனால் ஒரு மாதத்தில் ரத்தம் நின்றது, வீக்கம் வற்றியது, ஆடிய பல் நின்றது. அந்த வருஷத் திருவிழாவில் அத்தை சுட்ட மொறுமொறு மனகோலப் பலகாரத்தை நான் கடித்த சத்தம் தெருவரைக்கும் கேட்டது. நீங்கள் உங்கள் பங்கை வாயின் ஓரத்தில் ஒதுக்கி ஊறவைத்துக்கொண்டிருந்தீர்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு உங்களைவிட நான் ஒரு விஷயத்தில் மேல். இன்னும் இரண்டு மனகோலம் கேட்டு வாங்கித் தின்றேன்.

என் மூத்த மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விசேஷத்துக்கு அழைப்பு எழுதியது அதற்கடுத்த வாரம். என் மகளுடைய விசேஷம் என்பதால் இந்த ஒரு தடவையாவது நானே எழுதிவிடுகிறேன் என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பாமல் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதி முடித்து மாமியார் வீட்டில் வாசித்துக் காட்டினேன். அப்போது நீங்கள் தற்செயலாக வந்தீர்கள். கேட்டுவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, மெதுவாக, "சகலை, பிள்ளையோட ஞானத்தாய் வீடு விட்டுப்போச்சோ?" என்றீர்கள்.

என் மகளுக்கு ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தி நின்ற பெண்மணி. அவர் வீட்டையே விட்டிருந்தேன். அத்தை தலையில் கைவைத்துக்கொண்டார். "மூத்தவரு மட்டும் இல்லைன்னா இந்த வீட்டுல ஒரு காரியம் உருப்படாது. வாத்தியாராம் வாத்தியாரு" என்றார். என் மனைவி சிரித்தாள். என் மகளும் சிரித்தாள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "அவருக்குப் பள்ளிக்கூட வேலை அத்தனை கிடக்கு, யாருக்கும் மறக்கத்தான் செய்யும்" என்று எனக்காகப் பேசினீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று பகலிலேயே ஈறு ஆறியதைக் காட்ட டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. "நானும் வர்றேன் சகலை" என்று டவுன் பஸ்ஸில் கூடவே வந்தீர்கள். டாக்டர் என்னைப் பார்த்து முடித்துவிட்டு, வாசல் பக்கம் நின்ற உங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். உங்கள் வாயைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "எப்படிங்க இத்தனை நாள் விட்டீங்க? ஈறு முழுக்கச் சீழ். இவருக்குப் பண்ணுனதைத்தான் உங்களுக்கும் பண்ணணும். அடுத்த வெள்ளிக்கிழமை வந்துடுங்க" என்றார். நீங்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தீர்கள்.

கீழே டீக்கடையில் நின்றோம். ஊசி என்றால் உங்களுக்கு எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியும். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றீர்கள். "நீங்க பண்ணிக்கிட்டீகளே, எப்புடி இருக்கு சகலை? நானும் பண்ணிக்கிடவா?" என்று கேட்டீர்கள்.

நான் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். "வேணாம் சகலை. எனக்குச் சொரண்டுனதுலருந்து பல்லு சந்து விட்டு ஆடுது. வெளிய சொல்லிக்கிடல, அவ்வளவுதான். மேல் பல்லுல கை வச்சா கண்ணும் மங்கிப்போகும்னு சும்மாவா சொன்னாக? உங்களுக்கு என்ன கொறச்ச? உப்பு வச்சுத் தேச்சுவிடுங்க, சரியாப் போகும்."

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்று ஊரில் எல்லோரும் சொல்வதுதான். அது மூடநம்பிக்கை என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். உங்கள் முகம் தெளிந்தது. "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். படிச்சவுகல்ல" என்று டீயை ஒரே மூச்சில் குடித்தீர்கள். உங்களுக்குக் கெடுதல் நினைத்து நான் அதைச் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. எனக்கென்று இருந்த ஒரே ஒரு விஷயத்தில் நீங்களும் வந்து பக்கத்தில் நின்றுவிடக் கூடாது என்று நினைத்தேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால், செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டது, இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாதது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நடுவில் செருகினாற்போல "ஒரு பொய் சொன்னேன் சாமி" என்றேன். "அந்தப் பொய்யால யாருக்காவது கெடுதலா?" என்று கேட்டார் சாமியார். "இல்ல சாமி" என்றேன். பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே மந்திரம் சொல்லச் சொன்னார். தலையான பாவங்கள் ஏழு என்று ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கு வரிசையாகச் சொல்லிக்கொடுத்த நான், பொறாமை என்ற சொல்லை மட்டும் அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. மூன்று மந்திரத்தையும் வேகமாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

அதன் பிறகு உங்கள் பற்கள் ஒன்றொன்றாக ஆடி விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும், "நல்லவேளை, சகலை அன்னைக்குத் தடுத்தாரு. கை வச்சிருந்தா மொத்தமாப் போயிருக்கும்" என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். நான் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

வருஷங்கள் போயின. உங்கள் பேத்தியின் புதுநன்மைக்கு அழைப்பு எழுத உட்கார்ந்த நாளில் வீடு நிறையச் சனம். நீங்கள் கண்ணை மூடிச் சாய்ந்தீர்கள். "கோயிலுக்குத் தெக்குட்டு மொத வீடு..." என்று தொடங்கி நின்றீர்கள். மறுபடியும் "மொத வீடு..." என்றீர்கள். கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தீர்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பழைய விசேஷங்களில் உங்கள் வாயால் கேட்டு எழுதிய நோட்டு என் பையில் இருந்தது. எடுத்து வாசித்தேன். ஒரு வீடு விட்டுப்போகவில்லை. "வாத்தியார் மாப்பிள்ளை இல்லைன்னா இன்னைக்கு என்ன ஆகியிருக்கும்" என்றார்கள்.

சகலை, அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மத்தியானம் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன். நீங்கள் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, குழம்பு எது ரசம் எது என்று இலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதைப் பார்த்த பிறகும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு சீக்கிரம் சீக்கிரமாக எல்லாம் போயிற்று. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் புதுவயல் பஸ் எதுவென்று தெரியாமல் அரை நாள் நின்றீர்கள். மில்லில் கூட வேலை பார்த்தவர்கள், பேரப்பிள்ளைகள், கடைசியில் நீங்கள் கட்டிய மதினியின் பெயரும் போனது. உங்கள் அப்பாவுக்கும் வயதான காலத்தில் இப்படித்தான் ஆனது என்று மதினி சொன்னார். நேற்றிலிருந்து அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். ரத்தத்தில் வந்ததாக இருக்கலாம், ஈறில் வந்ததாகவும் இருக்கலாம். நீங்கள் வைத்தியம் செய்திருந்தாலும் வந்திருக்கலாம். டாக்டரம்மாவே உறுதியில்லை என்கிறார். குற்றவாளி என்றும் யாரும் என்னைச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இனி கிடைக்கப்போகும் நாளெல்லாம் இப்படியேதான் இருக்க வேண்டும்.

உங்கள் கடைசி வருஷத்தில் உங்கள் மகள் ஜெசிந்தா போன் செய்தாள். "சித்தப்பா, அப்பாவுக்கு மிச்சமிருக்குற பல்லச் சுத்தி வீங்கிப்போச்சு. சாப்புட முடியல. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா வாயவே தொறக்க மாட்டேங்குறாரு. நீங்க வந்து சொல்லுங்க, நீங்க சொன்னாக் கேப்பாரு" என்றாள்.

அடுத்த பஸ்ஸில் வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "வாங்க, வாங்க. யாரத் தேடி வந்திருக்கீக?" என்றீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தேன். பல் டாக்டரிடம் போய்வரலாம் என்று சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தீர்கள்.

"எங்க சகலை வேணாம்னு சொல்லியிருக்காரு. வாத்தியாரு. படிச்சவரு. எம்மேல அவருக்கு ரொம்பப் பிரியம்."

மனைவி பெயர் போயிருந்தது. மகள் முகம் போயிருந்தது. டீக்கடையில் நான் சொன்ன பொய் மட்டும் உங்களுக்குள் அப்படியே இருந்தது. ஜெசிந்தா பக்கத்தில் நிற்கிறாள் என்பதைக்கூட நான் பார்க்கவில்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். "சகலை, நாந்தான் அது. அன்னைக்கு நான் சொன்னது பொய். என் பல்லு ஆடவே இல்ல. உங்க மேல எனக்குப் பொறாமை. அதான் அப்படிச் சொன்னேன். வாயத் தொறங்க, போயிட்டு வந்துருவோம்" என்றேன்.

நீங்கள் கையை மெல்ல உருவிக்கொண்டீர்கள். கோபம் வந்து நான் உங்களை அதுவரை பார்த்ததில்லை. "நீங்க யாருன்னு தெரியல. பாத்தா நல்ல மனுசராத்தான் இருக்கீக. ஆனா எங்க சகலையப் பத்தி எங்கிட்டத் தப்பாப் பேசாதீக. அவரு பொய் சொல்ற ஆளு இல்ல. அவரு வரட்டும். அவரு வந்து சொல்லட்டும், தொறக்குறேன்" என்றீர்கள். பிறகு வாசல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டீர்கள். ஜெசிந்தா காபி போட உள்ளே போனாள். அதைப் பற்றி இன்றுவரை அவள் என்னிடம் பேசியதில்லை.

உங்கள் ஞாபகத்தைப் பார்த்து வயிறெரிந்தேன், பணிவைப் பார்த்து வயிறெரிந்தேன், அத்தை உங்களுக்காக எழுந்து வாசலுக்கு வந்ததைப் பார்த்து வயிறெரிந்தேன். அதெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. இப்போது எனக்கு ஒரே ஓர் ஆள் மேல்தான் பொறாமை. எல்லோரும் வெளியே போன பிறகும் உங்கள் மனதுக்குள் கடைசிவரை உட்கார்ந்திருந்தாரே, பொய் சொல்லத் தெரியாத, உங்கள்மேல் பிரியமான அந்த வாத்தியார் சகலை, அவர் மேல்தான். அன்று நான் எவ்வளவு கெஞ்சினேன். அவர் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் வாயைத் திறந்திருப்பீர்கள்.